ஆகுபெயராய் வந்த லொறி



1961ஆம் ஆண்டில், இந்தியாவின் டாட்டா நிறுவனம் தன் வாகன ஏற்றுமதியை ஆரம்பித்தது. முதலாவதாகக் கப்பலேறிய லொறி வந்து சேர்ந்த நாடு எது தெரியுமா? அன்று சிலோன் என்று வழங்கப்பட்ட நமது இலங்கைதான். ஜம்ஷெட்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அந்த வகை லொறிகளின் முகப்பில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் ஒன்று பதிந்திருக்கும். லொறி இந்தியாவினது, நட்சத்திரம் ஜேர்மனியினது. மன்னார்த் தீவிலும் அதன் கரையோர ஊர்களிலும் ‘டாட்டா பென்ஸ்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஜேர்மனியின் புகழ்பெற்ற கார்க் கம்பனி ஒன்று நம் மக்களுக்குச் செல்வந்தர் வீட்டுக் கார் மூலமாக அறிமுகமாகவில்லை. கருவாடும் நெல்லும் ஏற்றிய லொறி மூலமாகவே அறிமுகமாயிற்று.

இலக்கியத் தொடரில் லொறிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஔவையாருக்கு வண்டியின் அச்சிலே வேலை இருந்தது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். நான் தமிழ் கற்பிப்பவன். என்னை இந்த விடயத்துக்குள் இழுத்து வந்தது இயந்திரம் அன்று, இலக்கணம்.

உயர்தர வகுப்பில் ஆகுபெயர் நடத்தும்போது ‘கருத்தாவாகுபெயர்’ என்று ஒன்று வரும். செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது அது. ‘திருவள்ளுவர் படித்தேன்’ என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் உதாரணம். ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இப்ப ஆரும் அப்பிடிக் கதைக்கிறேல்லையே” என்றான். கேள்வி நியாயமானது. யோசித்துப் பார்த்தால், நம் தெருவிலே நாளாந்தம் ஓடித்திரியும் கருத்தாவாகுபெயர்கள் இரண்டு உள. ஒன்று பென்ஸ். மற்றது டீசல்.

டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடோல்ப் டீசல் என்னும் ஜேர்மன் பொறியியலாளர், தீப்பொறி இன்றி, காற்றை இறுக்கி அழுத்துவதால் எழும் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். 1897இல் அது செவ்வையாக இயங்கிற்று. 1913 செப்ரெம்பரில், பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் இரவோடு இரவாகக் காணாமற் போனார். அவர் தாமே குதித்தாரா, தவறி விழுந்தாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. கடலிலே மறைந்த அந்த மனிதரின் பெயரை நம் மீனவர் படகெடுக்கும்போதெல்லாம் உச்சரிக்கிறார்கள்.

ஆகுபெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டிலே கண்டிப்பும் தந்திரமும் மிக்க பெரியவரை ‘அவர் ஒரு எம்டன்’ என்பார்கள். எம்டன் வட ஜேர்மனியிலுள்ள ஒரு துறைமுகப் பட்டினம். அவ்வூரின் பெயர் ஒரு போர்க்கப்பலுக்கு ஆயிற்று. அக்கப்பல் 1914 செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைக் கரைக்கு வந்து எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு, பிடிபடாமல் மறைந்தது. பிறகு கப்பலின் பெயர் மனிதருக்கு ஆயிற்று. ஊர், கப்பல், ஆள் என்று இரண்டு தாவல். இலக்கணத்தார் இதனை இருமடியாகுபெயர் என்பர். அதே 1914ஆம் ஆண்டின் பெப்ரவரி மாதத்தில்தான் தலைமன்னார்த் துறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பமானது. ஜேர்மனி என்ற நாட்டின் பெயரை நம் கரையோரத்தார் அச்சத்தோடு கேட்ட காலம் அது. பென்ஸ் என்ற பெயரை மதிப்போடு கேட்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

இனி அந்தப் பெயருக்குரியவரிடம் வருவோம். கார்ல் பென்ஸ் 1844இல் பிறந்தவர். மன்ஹைம் நகரில் பட்டறை வைத்திருந்தார். 1886 ஜனவரி 29ஆம் திகதி, மூன்று சில்லுகளையுடைய தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அந்தத் திகதியையே மோட்டார் வண்டியின் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. ஆனால் காப்புரிமைத் தாள் வண்டியை ஓட்டிவிடாது. அயலவர்கள் அதனை ஒரு விளையாட்டுப் பொருளாகவே பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி பேர்த்தா.

இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருமணத்துக்கு முன்னரே தமது சீதனப் பணத்தை எடுத்துப் பென்ஸின் தொழில் கடனில் மூழ்காமல் காத்தவர் அவர். 1888 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, கணவருக்குச் சொல்லாமல், இரண்டு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தம் தாய் வீடு இருந்த போர்ஸ்ஹைமுக்கு வண்டியைச் செலுத்தினார். ஏறத்தாழ 100 கிலோமீற்றர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையிலே, கறை போக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். கம்பி உராய்ந்தபோது காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். மலையேற்றத்தில் மைந்தர்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்ததும், ஏற்றத்துக்கென இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்குச் சொன்னார், அவ்வாறே செய்யப்பட்டது. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணம் இது. முதல் சாரதி, முதல் மெக்கானிக் என்ற இரு பட்டங்களையும் ஒரு பெண்ணுக்கே கொடுக்கலாம். கம்பனியின் பெயர்ப் பலகையில் அவர் பெயர் இல்லை.

உப்பு வணிகரான உமணர் பாரம் ஏற்றிய வண்டியின் கீழே உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவர். பள்ளமும் மேடுமான நெடுவழியில் எங்கே அச்சு முறியும் என்று யாருக்குத் தெரியும்? புறநானூற்றிலே ஔவையார் பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஓர் அரசனைச் சிங்கம் என்றும் சூரியன் என்றும் சொல்ல எவராலும் முடியும். மாற்றுச் சாமான் என்று சொல்ல ஔவையாரால் மட்டுமே முடிந்தது. அந்தப் பாட்டைப் பாடமாக நடத்தும்போது பேர்த்தாவின் தொப்பி ஊசி எனக்கு ஞாபகம் வரும். உப்பளம் உள்ள ஊர் நம்முடையது. சேம அச்சின் அருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பென்ஸ் மன்ஹைமில் உழைத்த அதே காலத்தில், ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட்டில் கொட்லீப் டைம்லரும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்ம் மைபாக்கும் வேகமாக இயங்கும் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்து, வண்டிக்கும் படகுக்கும் பொருத்தினார்கள். 1896இல் டைம்லர் உலகின் முதல் மோட்டார் லொறியைச் செய்தார். 1900இல் அவர் காலமானார். தரை, நீர், வானம் ஆகிய மூன்றிலும் தம் இயந்திரம் ஓடவேண்டும் என்பது அவர் கனவு. மூன்று முனை நட்சத்திரத்துக்குக் கூறப்படும் பொருள் அதுவே. 1909இல் அது வியாபாரச் சின்னமாகப் பதியப்பட்டது. டைம்லர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து, 1926இல், போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடியில் இரு கம்பனிகளும் ஒன்றாகி டைம்லர்-பென்ஸ் ஆயின.

அப்படியானால் மெர்சிடிஸ் யார்? செய்தவர் அல்லர், செய்வித்தவரும் அல்லர். பிரான்ஸின் நீஸ் நகரில் வசித்த எமில் ஜெலினெக் என்ற வர்த்தகர் டைம்லரின் கார்களை வாங்கிச் செல்வந்தர்களுக்கு விற்றுவந்தார். புதிய வகைக் கார் ஒன்றைச் செய்து தரும்படி கேட்டு, அதற்குத் தம் மகளின் பெயரை வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1901இல் அந்தக் கார் பந்தயங்களில் வென்று பெயர் பெற்றபோது சிறுமிக்கு வயது பன்னிரண்டு கூட நிறையவில்லை. மெர்சிடிஸ் என்பது ஸ்பானிய மொழியில் இரக்கங்கள் என்று பொருள்படும். இரக்கத்தின் மாதாவாகிய மரியன்னையைக் குறிக்கும் பெயர். மடுமாதாவின் திருப்பதி அமைந்த மாவட்டத்தில் இப்பெயரின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. மன்னாரில் ‘மெர்சி’ என்று பெயருள்ள பெண்களைக் காணாத தெரு இல்லை. விலை உயர்ந்த காரின் பெயரும் அவர்களின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்த ஆகுபெயரை எந்த வகையில் அடக்குவது என்று மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். விற்றவனின் மகள் பெயர் பொருளுக்கு ஆவதற்கு நன்னூலார் இடம் வைக்கவில்லை.

அந்தப் பெயரில் கொடிய முரண் ஒன்று ஒளிந்திருக்கிறது. எமில் ஜெலினெக் வியன்னாவின் யூத மதகுருவும் அறிஞருமான அடோல்ப் ஜெலினெக்கின் மகன். யூதகுருவின் பேர்த்தியின் பெயரைத் தாங்கிய காரில் நின்றுகொண்டுதான் ஹிட்லர் ஊர்வலம் போனார். மெர்சிடிஸ் 770 என்ற அந்தப் பெரிய கறுப்புக் காரை அக்காலப் படங்களில் காணலாம்.

ஊர்வலக் காரோடு இது முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் டைம்லர்-பென்ஸ் லொறிகளையும் போர் விமான இயந்திரங்களையும் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? 1944இல் அங்கு வேலை செய்தோர் 63,610 பேர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பிடித்துக்கொண்டு வரப்பட்ட பிறநாட்டுக் கட்டாயத் தொழிலாளர், போர்க் கைதிகள், வதைமுகாம்களில் இருந்தோர். பெர்லினுக்குத் தெற்கேயுள்ள கென்ஸ்ஹாகன் ஆலையில் ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் விமான இயந்திரங்கள் செய்தார்கள். பேர்த்தா பென்ஸ் இறந்ததும் அதே 1944இல்தான்.

1986இல் மோட்டார் வண்டியின் நூற்றாண்டை அந்தக் கம்பனி பெருவிழாவாகக் கொண்டாடியது. அக்காலத்தில்தான் இந்தப் பழைய கணக்கும் வெளியே வந்தது. 1988இல் இரண்டு கோடி மார்க் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஜேர்மன் அரசும் கம்பனிகளும் சேர்ந்து ஆயிரம் கோடி மார்க்கில் கட்டாயத் தொழிலாளருக்கான நிதியத்தை அமைத்தபோது அதிலும் பங்கெடுத்தார்கள். ஆவணங்களைத் திறந்து ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். பல நாடுகளில் அதுகூட நடப்பதில்லை. ஆயினும் போர் முடிந்து 43 ஆண்டுகள் கழித்து வந்த பணத்தைப் பெற, வேலை வாங்கப்பட்டவர்களில் எத்தனைபேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? நட்சத்திரத்தின் பளபளப்பு மங்கிவிடக் கூடாதே என்ற கவலையும் அந்தக் கொடையில் கலந்திருந்தது என்பது என் எண்ணம்.

இந்தியக் கதை வேறு விதமானது. சுதந்திர இந்தியா, வெளிநாட்டுப் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கும் கம்பனிகளுக்கு இடமில்லை, செய்வதென்றால் முழுவதையும் இங்கேயே செய்யுங்கள் என்று கொள்கை வகுத்தது. அமெரிக்கக் கம்பனிகள் வெளியேறின. 1945இல் ரயில் இயந்திரம் செய்வதற்கென ஆரம்பிக்கப்பட்ட டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. போரில் தோற்று, பெயர் கெட்டு நின்ற ஜேர்மன் கம்பனிக்குப் புதிய சந்தை தேவைப்பட்டது. புதிய நாட்டுக்குத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. அவ்வாண்டுக்குள்ளேயே முதல் லொறி ஜம்ஷெட்பூரிலிருந்து வெளியே வந்தது. சென்னை எண்ணூரிலே ஆங்கிலேயரின் லேலண்ட், பீகாரிலே ஜேர்மனியரின் பென்ஸ். தென்னாசியாவின் தெருக்கள் நெடுங்காலம் இந்த இரண்டு பெயர்களுக்கிடையே பங்கிடப்பட்டுக் கிடந்தன. 1969இல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் இருந்த இடத்தில் ஆங்கில ‘ரீ’ எழுத்து வந்து குந்திக்கொண்டது.

ஆனால் நம் ஊரில் பெயர் மாறவில்லை. பேசாலையில் முதியவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் லொறிச் சாரதி. மன்னாரிலிருந்து முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி வழியாகக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்குக் கருவாடு கொண்டுபோனவர். 1210 என்ற இலக்கம் எதைக் குறிக்கிறது என்று அவரிடம்தான் கேட்டறிந்தேன். முதல் இரண்டு எண்கள் பாரத்தோடு சேர்த்த மொத்த எடை, 12 தொன். அடுத்த இரண்டும் குதிரைவலுவைப் பத்தால் வகுத்தது. அதாவது 100 குதிரைவலு. பாட்டுக்கு எழுத்தெண்ணிச் சீர் பிரிப்பதுபோல அவர் இதைச் சொன்னார். “சட்டப்படி ஏத்துறது ஒண்டு, முதலாளி ஏத்துறது ஒண்டு மாஸ்டர். ரெண்டையும் அது தாங்கிச்சுது” என்றார். அதன் பெயருக்கு என்ன காரணம், ஐயா, என்று கேட்டேன். “வழியில படுத்தாலும் வழியிலேயே எழும்பும். தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அதுதான் பேர்.”

கம்பனியின் விளம்பரங்களில் வேகமும் சொகுசும் அந்தஸ்தும் பேசப்படுகின்றன. பேசாலையார் சொன்னது வேறு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, புதிய வாகனமோ மாற்றுப் பாகமோ அரிதாகிவிட்ட காலத்தில், திறந்து பார்த்தால் விளங்கக்கூடிய இயந்திரமே நல்ல இயந்திரம். நம் கராஜ்களில் பள்ளிப்படிப்பு இல்லாத இளைஞர்கள் அதைக் கழற்றிப் பூட்டித்தான் தொழில் பழகினார்கள். மரத்தால் பொடி அடித்துச் சாயம் தீட்டிச் சாமி படமும் மாதா படமும் ஒட்டி, அதனை உள்ளூர்ப் பிள்ளையாக்கிக் கொண்டார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. 1984இல் இராமேஸ்வரக் கப்பல் நின்றது. 1990இல் மன்னார்ப் பாலம் உடைந்தது, ரயிலும் ஓடவில்லை. வடக்கே எரிபொருள் தடை செய்யப்பட்டுப் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மடு, அடம்பன், மாந்தைப் பகுதிச் சனங்கள் வீட்டுக் கூரைத் தகடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி, லொறியிலும் உழவு இயந்திரத்திலும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் இடம்பெயர்ந்தார்கள். வீட்டின் உறுப்புகள் வண்டியிலே போக, வீடு நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. 12 தொன் கணக்கெல்லாம் அன்று யாரும் பார்க்கவில்லை.

அதற்கு முன்னரே, 1983க்குப் பின், நம் இளைஞர் பலர் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி மேற்குக்குள் புகுந்து அகதிகளானார்கள். மோட்டார் வண்டி பிறந்த நாட்டில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட முதற் சட்டங்களில் ஒன்று, அனுமதி இல்லாமல் தாம் பதியப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது. தொடக்கத்தில் வேலை செய்யவும் தடை. வேகக் கட்டுப்பாடில்லாத பெருந்தெருக்களைப் பார்த்துக்கொண்டு அவர்கள் அறைக்குள் இருந்தார்கள். இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை; ‘தூண்டில்’, ‘பூவரசு’ என்று சஞ்சிகைகள் நடத்தினார்கள். புலம்பெயர் இலக்கியம் என்று இன்று நாம் பாடத்திட்டத்தில் வைத்துப் படிப்பிப்பதன் ஒரு கிளை அந்த அறைகளில் முளைத்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று அந்நாட்டிலே பொறியியலாளராக இருக்கிறார்கள்.

பென்ஸ் என்ற பெயர் 2012இல் தமிழ் மண்ணுக்கே மீண்டது. சென்னைக்கு அண்மையிலுள்ள ஒரகடத்தில் ‘பாரத் பென்ஸ்’ என்ற லொறிகளைச் செய்யும் ஆலை அவ்வாண்டில் திறக்கப்பட்டது. 2021இல் லொறித் தொழில் கார்த் தொழிலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கம்பனியாயிற்று. மறுவருடம் கார்க் கம்பனி தன்னை மெர்சிடிஸ்-பென்ஸ் குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தாய்க் கம்பனியின் பெயரிலிருந்து டைம்லர் போனார், சிறுமி நின்றுவிட்டாள்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசை நாட்கள் நேயர்களுக்கு நினைவிருக்கும். அவ்வருடத் தவணைப் பரீட்சையில் கருத்தாவாகுபெயருக்கு ஒரு வாக்கியம் எழுதும்படி கேட்டிருந்தேன். மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் திருவள்ளுவரை விட்டுவிட்டு, “இன்றைக்கும் டீசல் வரவில்லை” என்று எழுதியிருந்தான். முழுப் புள்ளியும் போட்டேன்.